போன் தலையணைக்கு அடியில… மூளைல கட்டி வருமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் ராத்திரி போனை தலையணைக்கு அடியில வச்சுதான் தூங்குறார். போன வருஷம் மாமனாருக்கு மூளைல கேன்சர் கட்டின்னு ஆபரேஷன் ஆச்சு, அதுலேர்ந்து இவரு தலைவலின்னு சொன்னாலே எனக்கு கை கால் ஓடல. ஒரு சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா?
– பெயர் வேண்டாம், தேனி

பதில்: மொதல்ல போன் மேட்டரை முடிச்சிடுவோம்மா. 2011-ல உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆய்வு மையம் செல்போன் அலையை "கேன்சர் வரவைக்க வாய்ப்பிருக்கலாம்"ங்கற லிஸ்ட்ல போட்டது உண்மைதான், அந்த லிஸ்ட்ல கத்தாழைச் சாறு கூட இருக்கு! 2024-ல அந்த நிறுவனமே கேட்டு, பழைய ஆய்வையெல்லாம் அலசிப் பார்த்தப்போ போனுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு தெரியல. ஆனா சார்ஜ் போட்டபடி தலையணைக்கு அடியில வச்சா சூடாகி தீப்பிடிக்கலாம், அதுக்காகவாவது தள்ளி வைக்கச் சொல்லுங்க.

நிஜமாவே கவனிக்க வேண்டியது நீங்க கேட்ட சிடி ஸ்கேன்ல வர்ற எக்ஸ்ரே கதிர்வீச்சு. 1950-கள்ல இஸ்ரேல்ல தலையில படை வந்த புள்ளைங்களுக்கு முடியை உதிர வைக்கறதுக்காக எக்ஸ்ரே கொடுத்தாங்க, அப்ப அதுதான் வைத்தியம், பத்தாயிரம் பேருக்கு மேல. அவங்கள்ல பலருக்கு பல வருஷம் கழிச்சு மூளை உறைல கட்டி வந்துச்சு. அது ரொம்ப அதிக டோஸ், சிடில அவ்வளவு இல்ல, ஆனாலும் சிடியும் எக்ஸ்ரேதான், அதனால "சும்மா ஒரு தடவை" வேண்டாம், அதுவும் சின்னப் புள்ளைங்களுக்கு வேண்டவே வேண்டாம். டாக்டர் அவசியம்னு சொன்னா தயங்காம எடுங்க. எம்ஆர்ஐ ஸ்கேன்ல இந்த எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது.

அடுத்து, பீரோல மாமனாரோட பயாப்சி (கட்டித் துண்டைச் சோதிச்ச) ரிப்போர்ட் இருக்கும், எடுத்துப் பாருங்க. கட்டி மூளைலயே ஆரம்பிச்சதா, நுரையீரல்லேர்ந்து பரவினதான்னு அதுல எழுதியிருக்கும். பரவினதுன்னா, அவரு பீடி பிடிக்கறவரா இருந்தா, உங்க வீட்டுக்காரரும் புகை பிடிக்கறவர்னா அவர் கவலைப்பட வேண்டியது சட்டைப் பையில இருக்கற சிகரெட்டைப் பத்திதான், போனைப் பத்தி இல்ல. மூளைலயே ஆரம்பிச்சதுன்னாலும் பரம்பரையா வர்றது ரொம்பக் கம்மி. உடம்புல காப்பி கலர் திட்டு நிறைய, தோல்ல சின்னச் சின்ன முடிச்சு, இல்ல குடும்பத்துல பல பேருக்கு சின்ன வயசுலயே கேன்சர், இப்படி இருந்தா மட்டும் மரபணு டாக்டரைக் கேளுங்க.

தலைவலி முக்கால்வாசி மைக்ரேன், டென்ஷன்தான். காலைல எழும்போதே வலியும் வாந்தியுமா நாளுக்கு நாள் கூடுது, ஒரு பக்கம் கை கால் பலம் குறையுது, பார்வை ரெண்டு ரெண்டா தெரியுதுன்னா நியூரோ டாக்டர்கிட்ட போங்க. பெரியவங்களுக்கு முதல் தடவையா வலிப்பு வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிடணும்.