வெயிலில் காயப்போட்ட பொம்மை: முன்பள்ளிக்கு ஒரு கைவேலை

கேள்வி: வடமராட்சியில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 26 பேர். சித்திரை விடுமுறைக்கு முன் ‘வெயிலுக்கு ஏற்ற உடுப்பு’ என்று ஒரு கைவேலை செய்ய விருப்பம். போன வருடம் இணையத்தில் எடுத்த ஒரு படத்தை வைத்துச் செய்தோம். பொம்மைக்குக் கறுப்புக் கண்ணாடி, நீச்சல் உடுப்பு, தொப்பி எல்லாம் வெட்டி ஒட்டுவது. பிள்ளைகள் ஒட்டினார்கள், அவ்வளவுதான். ஒரு தாய், “கறுப்பு வெயிலை இழுக்கும், வெள்ளை உடுப்புத்தானே நல்லது?” என்று கேட்டார். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதிகம் செலவில்லாமல் என்ன செய்யலாம்?

பதில்: ரீச்சர், அந்தப் படம் குளிர்நாட்டுக் கோடைக்கு வரைந்தது. மூன்று மாதம் மட்டும் வெயிலைக் காண்கிற பிள்ளைக்கு உடுப்பு மாறுவதே ஒரு புதினம். எங்கள் பிள்ளைகளுக்கு அது புதினமில்லை. பன்னிரண்டு மணிக்கு முன்பள்ளி விட்டதும் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் முன்னுக்கு ஏறி, வெறுந்தலையோடு வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் அவர்கள். அதனால் படத்தை விட்டுவிடுங்கள். துணி வெயிலை மறிக்கிறதா இல்லையா என்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கட்டும்.

பட்டம் கட்டுகிற ரிசுத்தாளை எடுங்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் சோடித்த தாள் சில நாளில் வெளிறிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒளியும் அதிலுள்ள புறஊதாக் கதிரும் சாயத்தை உடைப்பதால் வருவது அது. சோடனைக்கு அது நட்டம், எங்களுக்கு அதுதான் பாடம். எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் வெளிறாது. எனவே முதல் கிழமையே ஊதா, நீலம், றோசா என்று இரண்டு மூன்று நிறத்தில் சிறு துண்டு வெட்டி, நடுவில் ஒரு குற்றிக்காசை வைத்து முற்றத்தில் விட்டுப் பாருங்கள். எதில் காசின் வட்டம் கெதியாகத் தெரிகிறதோ அந்த நிறத்தை வாங்குங்கள்.

பிறிஸ்டல் போட்டில் ஒரு சாண் உயரத்துக்குப் பொம்மை வெட்டி, அதன் மேல் ரிசுத்தாளை ஒட்ட வேண்டும். பசையை மெல்லிசாகப் பூசுங்கள், ஈரம் கூடினால் சாயம் கரைந்து ஓடும். எப்படிப் பார்த்தாலும் 26 பேரின் விரலும் சாயமாகத்தான் போகும், முதல் நாளே தாய்மாருக்குச் சொல்லி வையுங்கள்.

உடுப்புக்குத் தையல்காரரிடம் வெட்டித்துண்டு கேளுங்கள், சும்மாவே தருவார்கள். காற்சட்டைத் துணி, சேட்டுத் துணி, மெல்லிய வொயில், பழைய வலைத்துணி என்று விதம்விதமாக இருக்கட்டும். வெட்டுவதற்கு முன் பிள்ளைகளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், துணிக்குப் பின்னால் விரலைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் தெரிந்தால் வெயிலும் உள்ளே வரும். சூரியனைப் பார்க்க விடாதீர்கள், வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்தால் போதும். கைவேலை முழுவதிலும் இந்த ஐந்து நிமிடம்தான் எனக்கு ஆகப் பிடித்தது. தன் சட்டையைத் தானே தூக்கி விரலை விட்டுப் பார்க்காத பிள்ளையை நான் இன்னும் காணவில்லை.

பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தான் விரும்பிய உடுப்பைப் பொம்மைக்குப் போடட்டும். கையில்லாச் சட்டை போடுகிறவரைத் திருத்த வேண்டாம், அந்தப் பொம்மையும் எங்களுக்குத் தேவை. ஊசி வேண்டாம், உடுப்புக் கிளிப் போதும். மூன்று நான்கு நாள், ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணி மட்டும் முற்றத்தில் வையுங்கள். பறக்காமல் கல் வைக்க வேண்டும். யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைக்காதீர்கள், கண்ணாடி புறஊதாக் கதிரில் ஒரு பங்கை மறித்துவிடும்.

கடைசி நாள் எல்லோரும் வட்டமாக இருந்து கிளிப்பைக் கழற்றுங்கள். காற்சட்டைத் துணிக்குக் கீழே தாளின் நிறம் அப்படியே இருக்கும். வொயிலுக்குக் கீழே அரைகுறை. மூடாத கையும் கழுத்தும் வெளிறிப் போயிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு கேள்விக்கு ஆயத்தமாக இருங்கள். இதை நான் முதன்முதல் செய்தபோது ஒரு பொடியன் கேட்டான்: “அப்ப வெயிலுக்க நிண்டா நானும் வெள்ளையா வருவனா?” எனக்குச் சிரிப்பு வந்தது, பதில் வரவில்லை. இப்போது சொல்வது இதுதான்: தாள் வெள்ளையாகவில்லை, பழுதாகிவிட்டது. கொடியில் கனநாள் கிடந்த சட்டை மாதிரி. அதே மூச்சில் இன்னொன்று, “வெயிலுக்குப் போனால் கறுத்துப்போவாய்” என்று பிள்ளையிடம் ஒருபோதும் காரணம் சொல்லாதீர்கள். வீட்டில் அது போதியளவு கேட்கிறது. தோல் எரியும், வேர்க்குரு போடும், தலையிடிக்கும், கண்ணுக்குக் கூடாது என்பவை உண்மையான காரணங்கள், பிள்ளைக்கு விளங்குகிறவையும்கூட. எங்கள் தோலின் நிறம் ஓரளவு காவல் தருகிறது, முழுக்காவல் இல்லை. கண்ணுக்கும் உடற்சூட்டுக்கும் அந்தக் காவலால் பயனில்லை. பொம்மைக்கு முகம் வரைந்தால் மண்ணிறத்திலேயே வரையுங்கள்.

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். அவர் சொன்னது பாதி சரி. கறுப்பு சூட்டை உறிஞ்சும். ஆனால் அடர்ந்த நிறம் புறஊதாக் கதிரையும் தானே உறிஞ்சிக்கொள்வதால் தோலுக்குப் போவது குறைவு. மெல்லிய வெள்ளைப் பருத்தி ரீசேட்டின் காப்பு எண், அதாவது யுபிஎஃப், பெரும்பாலும் 5க்கும் 10க்கும் இடையில்தான். 5 என்றால் ஐந்தில் ஒரு பங்கு கதிர் உள்ளே வருகிறது, 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு. வெள்ளைப் பருத்தி நனைந்தால் இன்னும் குறையும், கசூரினாக் கடற்கரையில் ஈர பெனியனோடு விளையாடுகிற பிள்ளைக்கு அது பெரிய காவல் இல்லை. நிறத்தைவிட நெசவு முக்கியம். நெருக்கமாக நெய்த, லூசான, முழங்கை தாண்டிய பருத்திச் சட்டை, நடுத்தரமான நீலமோ பச்சையோ என்றால் எங்கள் சூட்டுக்கும் கதிருக்கும் பொருந்தும். அவுஸ்திரேலியாவில் 1981இல் தொடங்கிய புகழ்பெற்ற வெயில் பிரசாரத்தின் சுலோகத்திலும் சட்டைதான் முதலில் வருகிறது, களிம்பும் தொப்பியும் அதற்குப் பிறகு.

நேரத்தை மணிக்கூடு பார்த்துப் படிப்பிக்க முடியாது, நிழலைக் கொண்டு படிப்பிக்கலாம். என் நிழல் என்னைவிடக் குட்டையாக இருந்தால் தொப்பி வேண்டும், அவ்வளவுதான் விதி. சித்திரையில் காலை ஒன்பது மணி தாண்ட நிழல் குட்டையாகிவிடும், பின்னேரம் மூன்று மணி மட்டும் அப்படியே இருக்கும். வருடப்பிறப்பை ஒட்டிய நாளில், பன்னிரண்டு பத்து மட்டில், சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். நட்ட தடிக்கு நிழலே இராது. விடுமுறை நாள் என்பதால் வீட்டு முற்றத்தில் தடி நட்டுப் பார்க்கச் சொல்லி விடலாம். ஓகஸ்ட் கடைசியில் சூரியன் மறுபடி உச்சிக்கு வருகிறது, அப்போதும் பார்க்கலாம்.

படத்தில் இருந்த கறுப்புக் கண்ணாடியை மட்டும் கட்டாயம் விட்டுவிடுங்கள். பொம்மைக்கு ஒட்டியதைப் பிள்ளைக்கும் செய்யத் தோன்றும், ஆனால் நிறச் செலோபேன் ஒட்டிய கண்ணாடியைப் பிள்ளை போட்டால் இருட்டில் போலக் கண்மணி விரியும், செலோபேனோ புறஊதாவை ஒழுங்காக மறிக்காது. போடாமல் விடுவதே மேல். அதைப் போட்டுக்கொண்டு சூரியனைப் பார்க்கலாம் என்று பிள்ளை நினைத்துவிடும் என்பது அதைவிடப் பயம்.

அதற்குப் பதில் தொப்பி செய்யுங்கள். குருத்தோலை பின்னத் தெரிந்த அம்மம்மா ஒருவர் உங்கள் பக்கத்தில் கட்டாயம் இருப்பார், ஒரு காலை கூப்பிடுங்கள். ஓலையைப் பின்னும் வயது பிள்ளைகளுக்கு இல்லை. அவர் பின்ன, சாயமிட்ட ஓலைக்கீலங்களை விளிம்பில் கோத்துவிட அவர்களால் முடியும். விளிம்பு சுற்றிவர ஆகக் குறைந்தது 5 சென்ரிமீற்றர் வேண்டும். கிரிக்கெட் தொப்பி நெற்றியை மட்டும் பார்க்கும், காதும் பிடரியும் வெளியில். பத்து மணிக்கு எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி, மூக்கில் நிழலா, காதில் நிழலா, பிடரியில் நிழலா என்று ஆளையாள் பார்க்கச் சொல்லுங்கள்.

தொப்பிகளை ஒரே பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். பெயர் எழுதி, ஆளுக்கொரு ஆணியில் கொழுவுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கிழமை பேன் எடுப்பது எப்படி என்று எனக்கு எழுதுவீர்கள்.