உயிரோடு இருக்கும்போதே பாருங்கள்: கடல் தட்டைப்புழுக்கள் பற்றிய கேள்வி பதில்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவி: அக்கா, கல்கிசைக் கடற்கரை மணலைப் போத்தலில் கொண்டுவந்து குலுக்கிப் பார்த்தேன், ஒன்றுமே நெளியவில்லை. புழு இல்லையா?

இருக்கும் தங்கச்சி. மணலில் வாழும் இந்தக் குட்டித் தட்டைப்புழுக்கள் பலவற்றின் வாலில் ஒட்டும் சுரப்பிகள் உண்டு, குலுக்கக் குலுக்க மணலோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் மயக்க வேண்டும். நீரேறிய மகனீசியம் குளோரைட்டு 75 கிராமை ஒரு லீற்றர் நல்ல தண்ணீரில் கரைத்து, மணல் மூடும் அளவுக்கு ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். அப்புறம் மெதுவாகச் சுழற்றி, மேல்நீரை மட்டும் 63 மைக்ரோன் வலையில் வடித்து, வலையைக் கடல்நீரில் அலசினால் மயக்கம் தெளிந்து வழுக்கிக்கொண்டு ஓடும். ரசாயனம் கிடைக்காவிட்டால், மணலை வாளியில் போட்டு ஒரு விரல் உயரத்துக்குக் கடல்நீர் விட்டு ஓரிரு நாள் அசைக்காமல் வையுங்கள். கீழே ஒட்சிசன் குறையக் குறையத் தானாக மேலே ஏறிவரும்.

தெஹிவளையிலிருந்து: போனில் எடுத்த படம் அனுப்பினால் இனம் சொல்லுவீர்களா?

கல்லுக்கடியில் இருக்கும் பெரிய, வண்ணமான புழு என்றால் ஓரளவு ஊகிக்கலாம். ஒரு மில்லிமீற்றர் புழுவுக்கு அது சரிவராது, ஏனென்றால் வெளித்தோற்றத்தில் எல்லாமே வெள்ளை நூல்துண்டு மாதிரித்தான். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. புழுவை ஒரு துளி நீரில் கண்ணாடித்தட்டில் விட்டு, மூடுகண்ணாடி வைத்து, ஓரத்தில் டிஷ்யூ முனையைத் தொட்டு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுங்கள். புழு மெதுவாக நசுங்கித் தட்டையாகும்போது நுணுக்குக்காட்டியில் கண், தொண்டை, முட்டை எல்லாம் ஒவ்வொன்றாகத் தெளியும். பின்பக்கத்தில் ஆணுறுப்பின் கடினமான ஊசி தெரியும். சிலவற்றில் புனல் மாதிரி, சிலவற்றில் கொக்கி மாதிரி. பல குழுக்களில் இனத்தைச் சொல்வது அந்த ஊசிதான். சில நிமிடத்தில் புழு வெடித்துவிடும், அதற்குள் வரைந்து அளந்துவிட வேண்டும். நான் பழகத் தொடங்கிய காலத்தில் 11 புழுக்களைப் பார்க்காமலே எத்தனோலில் போட்டேன். மறுநாள் இருந்தது சுருங்கிய வெள்ளைப் புள்ளிகள் மட்டும். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை, தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: என் கடல்மீன் தொட்டியில் செம்பழுப்பு நிறத்தில், வாலில் மூன்று நுனியோடு ஏராளமாகப் பரவிவிட்டது. தட்டைப்புழுவா?

அண்ணா, நீங்கள் சொல்லும் வாலைப் பார்த்தால் கொன்வொலூட்ரிலோபா போல இருக்கிறது. முன்பு தட்டைப்புழுக்களோடு வைத்திருந்தார்கள், இப்போது அசீலா என்ற தனிக் குழுவாகப் பிரித்துவிட்டார்கள். குடல் குழியே கிடையாது, உடலுக்குள் பாசி வளர்க்கும். அரும்பு விட்டோ உடல் பிளந்தோ பெருகுவதால் கெதியாகப் பரவும். மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுங்கள், ஒரேயடியாகச் செத்தால் தண்ணீர் கெட்டுவிடும்.

பம்பலப்பிட்டியிலிருந்து: புதிய இனம் கண்டுபிடித்தால் அம்மம்மாவின் பெயரை வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம், ஆனால் அது கடைசி வேலை. இலங்கையில் பிறந்த மருத்துவர் கெலார்ட் 1850களிலேயே இங்கத்தைய கடல் தட்டைப்புழுக்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார். விலங்கியலாளர் லெய்ட்லோ 1904இல் முத்துக்குளிப்பு ஆய்வறிக்கைக்காக இன்னும் சிலவற்றை எழுதினார். முதலில் அவற்றோடு ஒப்பிட வேண்டும். நிறத்தை மட்டும் வைத்து எழுதிய பழைய விவரிப்புகளோடு இன்றைய புழுவைப் பொருத்துவது பெரிய தலையிடி, அதனால்தான் உள்ளமைப்பைப் பதியச் சொல்லி இவ்வளவு வற்புறுத்துகிறேன். ஒரே இடத்தில் பல புழுக்கள் எடுங்கள்: சில உயிரோடு பார்க்க, சில மரபணுவுக்கு எத்தனோலில், சில சூடான பூவான் கரைசலில் பதப்படுத்தி 5 மைக்ரோன் அளவில் தொடர்சீவல்களாக வெட்ட. ஒன்றை மூல மாதிரி, அதாவது பெயருக்கு ஆதாரமான மாதிரி, என்று குறித்து அருங்காட்சியகச் சேகரிப்பில் வைக்க வேண்டும், 2000 முதல் அது இல்லாத புதுப் பெயர் செல்லாது. ஹிக்கடுவ கடல் பூங்காவுக்குள் மட்டும் அனுமதியில்லாமல் ஒரு பிடி மணல்கூட அள்ளாதீர்கள். பெயர் விஷயம் சுலபம்: பெண் பெயருக்கு இலத்தீன் விகுதி சேரும், அம்மம்மா கமலா என்றால் புழு கமலே.