ஃபாரஸ்ட் செயலியில் மரம் பட்டுப்போவது குறித்து

வணக்கம். கோத்தகிரியிலிருந்து குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் தாங்கள், பாடநூல்களின் பிடிஎஃப் கோப்புகளையும் அதே கைப்பேசியில் திறக்க வேண்டியிருப்பதால் ஃபாரஸ்ட் செயலியில் (படிக்கும் நேரத்துக்கு ஒரு மரத்தை நட்டு, இடையில் வேறு செயலிக்குப் போனால் அதைப் பட்டுப்போகச் செய்யும் கவனச் செயலி) நட்ட மரம் பட்டுப்போவதாகவும், மரம் வளர்த்துச் சேர்ந்த செயலி நாணயங்களுக்குப் புதிய மரவகை தேடுவதிலேயே இடைவேளை முழுவதும் கழிவதாகவும் எழுதியிருந்தீர்கள். முதலாவது எளிது: ஆண்ட்ராய்டு பதிப்பின் அனுமதிப் பட்டியலில் பிடிஎஃப் செயலியை மட்டும் சேர்த்தால் மரம் பிழைக்கும்.

இரண்டாவதுதான் உண்மையான தொல்லை. இச்செயலி கவனத்தைத் தருவதில்லை. கைப்பேசியை எடுக்கும் கைக்கு ஒரு சிறு தயக்கத்தைத்தான் தருகிறது என்பதால், அந்தத் தயக்கத்தைக் கடைப்பகுதியின் கவர்ச்சி தின்றுவிடாதபடி, மரவகை வாங்குவதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவையுங்கள். (அழகான மரங்கள்தாம், மறுப்பதற்கில்லை.)

பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில் வகுத்த பொமோடோரோ என்னும் நேர மேலாண்மை முறையின் 25 நிமிட அளவு தமிழ் இலக்கணத்துக்குப் போதும். ஆனால் 25 வினாக்கள் கொண்ட திறனறிவுப் பகுதியில் ஒரு கணக்கின் நடுவே மணி ஒலித்தால் எரிச்சலே மிஞ்சும் என்பதால், அதற்கு 50 நிமிடம் வையுங்கள். செயலி 120 நிமிடம் வரை அனுமதிக்கிறது. மழைக்காலத்தில் மின்சாரம் போகும் மாலைகளுக்கென, அன்றைய பக்கங்களை முன்னதாகவே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.