சித்தன்னவாசலில் ஓவியத்தைப் பார்த்தால் போதுமா, மலையும் ஏற வேண்டுமா?

கேள்வி: அரை நாள்தான் இருக்கிறது, அம்மாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, மலைமேல் இருக்கும் ஏழடிப்பட்டம் குகை வரை ஏறுவது அவசியமா?

அவசியம். முட்டி வலி பெரிதாக இல்லையென்றால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் முதல் தடவை போனபோது எல்லாரையும் போல பாறையைக் குடைந்து செய்த அறிவர் கோயிலுக்குப் போய் ஓவியத்தைப் பார்த்துவிட்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டேன், மலைமேல் இன்னொன்று இருக்கிறது என்று ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. அந்தக் குறை மனதில் இருந்துகொண்டே இருந்தது. அடுத்த வருஷம் தை மாதம் என் அம்மாவோடு போனேன், அன்றைக்கு மலைக்குத்தான் முதலில் போனோம்.

படி ஏறுவது மலையின் மேற்குப் பக்கத்தில். அதனால் காலையில் சீக்கிரம் போய்விட்டால் ஏறும் வழி நிழலாக இருக்கும், வெயில் முகத்தில் அடிக்காது. மலையும் பெரிய உயரமில்லை. அம்மா இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தார், அவ்வளவுதான். உச்சிக்கு வந்து கிழக்குப் பக்கம் திரும்பினால்தான் விஷயமே. பாறை சட்டென்று சரிந்து இறங்குகிறது, கீழே பொட்டல் காடும் பனைமரங்களும் அங்கங்கே கண்மாய்த் தண்ணீரும் கண்ணுக்கு எட்டும்வரை விரிந்து கிடக்கின்றன. காற்று பிய்த்துக்கொண்டு போகும். இப்போது கம்பி பிடித்துக்கொண்டு நடக்கலாம். அந்தக் காலத்தில் பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளில் கால் வைத்துத்தான் குகைக்குப் போயிருக்கிறார்கள், ஏழடிப்பட்டம் என்ற பெயரே அதனால் வந்ததுதான்.

குகை இயற்கையாக அமைந்தது. உள்ளே 17 கற்படுக்கைகள். சமண முனிவர்கள் தவமிருந்த இடம். ஒவ்வொன்றிலும் தலைமாட்டில் கல் கொஞ்சம் மேடாக இருக்கும், தலையணை மாதிரி. படுக்கைகளிலேயே பெரியதன் பக்கத்தில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு, சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தையது. சிறுபோசில் என்ற ஊரைச் சேர்ந்த இளையர் என்பவர் ஒரு துறவிக்கு 'அதிட்டானம்' செய்து கொடுத்ததாகச் சொல்கிறது. அதிட்டானம் என்றால் இருக்கை. மற்ற படுக்கைகளில் பல நூற்றாண்டு கழித்து வந்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன. குகை கிழக்கைப் பார்த்து இருப்பதால் காலை வெயில் சாய்வாக விழும்போது கல்லின் வழவழப்பு நன்றாகத் தெரியும். அம்மா அந்தத் தலையணை மேட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் "இங்க படுத்தா விடியறது முதல்ல கண்ணுல படும்ல" என்றார். அதற்கு முன்னால் எனக்கு அது தோன்றவே இல்லை.

இப்படிப்பட்ட இடத்துப் பாறையில்கூடத் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள், பார்க்க வயிறு எரிகிறது. கூட வரும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சரி, ஓவியம். இறங்கி வந்து அறிவர் கோயிலுக்குப் போங்கள். அது மேற்கு பார்த்த குடைவரை. ரொம்ப நாள் பல்லவர் காலத்தது என்றே நினைத்திருந்தார்கள். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இதைப் புதுப்பித்ததைச் சொல்லும் பாண்டியர் காலக் கல்வெட்டு கிடைத்த பிறகு ஓவியங்களை 9-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். உள்ளே போனதும் அவசரப்படாதீர்கள். வெளி வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் மங்கலான கறைதான் தெரியும், இரண்டு நிமிஷம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றால் விதானத்தில் தாமரைக் குளம் மெல்ல எழுந்து வரும். இலைகளுக்கு நடுவே மீன், அன்னம், யானை, எருமை, பூப் பறிக்கும் ஆள். பூவைத் தாங்கும் தண்டின் வளைவு மட்டுமே போதும், வரைந்தவர் குளத்தில் இறங்கிப் பழகியவர் என்று புரிந்துவிடும். தூண்களில் ஆடும் பெண்களின் கை மடிப்பையும் விட்டுவிடாதீர்கள்.

தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், மழை பெய்த மறுநாள் மட்டும் மலை வேண்டாம், பாறை வழுக்கும். உங்கள் அம்மாவால் உண்மையிலேயே முடியாது என்றால் அவர் கீழே மரத்தடியில் இருக்கட்டும், நீங்கள் மட்டும் ஏறிவிட்டு வாருங்கள்.