டின்ல இருக்கறதும் மாட்டுப்பால்தான்மா!

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு முதல் குழந்தை, பொண்ணு, பொறந்து இன்னிக்கு 35 நாள், அம்மா வீட்லதான் இருக்கேன். பொறக்கும்போது 2.8 கிலோ, நேத்து நர்ஸ் அக்கா வந்து எடை பாத்தப்ப 3.7. பால் குடிச்ச பத்தே நிமிஷத்துல தயிர் மாதிரி கக்கிடறா, ராத்திரில முதுக வில்லு மாதிரி வளைச்சுக்கிட்டு ஒரே அழுகை. இந்த வாரம் ரெண்டு தடவ மோஷன் வழவழன்னு சளி மாதிரி போய் அதுல நூல் மாதிரி ரத்தம் இருந்துச்சு. பால் அலர்ஜியா இருக்குமோன்னு நானே பால், காபி, தயிர் எல்லாத்தையும் பத்து நாளா நிறுத்திட்டேன், ஒரு மாற்றமும் இல்ல. நான் சாப்பிடறது பத்திய சாப்பாடும் பிரசவ லேகியமும்தான், அவளுக்கு என் பால் போக ராத்திரி ஒரு பாட்டில் பவுடர் பால், 120 மில்லி. சித்தி தாய்ப்பாலே ஒத்துக்கல நிறுத்திடுங்கறாங்க, மாமியார் குடல் ஏறிடுச்சு, தொக்கம் எடுக்கணும்ங்கறாங்க. யார் சொல்றத கேக்கறது?
— தேனி மாவட்ட வாசகி

பதில்: உங்க லெட்டர்லயே நல்ல சேதி ஒண்ணு ஒளிஞ்சிருக்கு, அத மொதல்ல சொல்லிடறேன். எடை. பொறந்த குழந்தை முதல் சில நாள் எடை குறைஞ்சு பத்து பதினாலு நாள்லதான் பழைய எடைக்கே வரும். அப்ப பத்து நாள கழிச்சா 25 நாள்ல 900 கிராம், நாளைக்கு 36 கிராம். இந்த வயசுல 20லேருந்து 30 கிராம் ஏறுனாலே நாங்க சந்தோஷப்படுவோம். கக்குற புள்ள தக்கும்னு பெரியவங்க சொல்றது இதுக்குத்தான், எடை ஏறுதுன்னா கக்கறது பெரும்பாலும் துணி துவைக்கற பிரச்சனைதான், நோய் இல்ல.

ஏன் கக்குதுன்னா உணவுக்குழாய் வயித்துல சேர்ற எடத்துல ஒரு தசை வளையம் இருக்கு, சுருக்குப்பை வாய் மாதிரி, அது இன்னும் சரியா இறுகல. சாப்பாடு முழுக்க தண்ணியா போகுது, குழந்தை நாள் பூரா படுத்தே இருக்கு, வேற என்ன ஆகும்? நாலு மாசம் வரைக்கும் கூடத்தான் செய்யும், உக்கார ஆரம்பிச்சா குறையும், ஒரு வயசுக்குள்ள பெரும்பாலும் நின்னுடும். குடிச்சதெல்லாம் வெளிய வந்துடுச்சுன்னு தோணுனா ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி தண்ணிய எடுத்து வெள்ளைத் துணில ஊத்திப் பாருங்க, எவ்ளோ பெரிய கறைன்னு நீங்களே அசந்துடுவீங்க.

இப்ப அந்த 120 மில்லி. 3.7 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 150 மில்லி கணக்குல ஒரு நாளைக்கு 555 மில்லி, எட்டு வேளையா பிரிச்சா வேளைக்கு 70 மில்லி கிட்ட. நீங்க ஒரே மூச்சுல 120 ஊத்தறீங்க, ராத்திரில வில்லு மாதிரி வளையாம என்ன பண்ணும்?

ஆனா அந்த ரத்த நூல நான் லேசா எடுத்துக்க மாட்டேன். இந்த வாரமே குழந்தைய டாக்டர்ட்ட காட்டுங்க, முடிஞ்சா அந்த டயப்பரையே ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, இல்ல போட்டோவாச்சும். ஆசனவாய்ல வெடிப்பா, கிருமியா, இல்ல உங்க மார்க்காம்பு வெடிச்சு அந்த ரத்தத்த குடிச்சிருக்கான்னெல்லாம் பாக்கணும். அதெல்லாம் இல்லன்னா நீங்க சந்தேகப்பட்ட பால் அலர்ஜிதான் வரிசைல அடுத்து நிக்கும். இப்படி குடல்ல மெதுவா வர்ற வகைல அலர்ஜி பிளட் டெஸ்ட் நார்மல்னே வரும், அதனால அதுக்கு காச கொட்டாதீங்க.

பத்து நாள் நிறுத்தியும் ஒண்ணும் ஆகலன்னு சொல்றீங்களே, நீங்க நிறுத்தவே இல்லம்மா! டின்ல இருக்கறதும் மாட்டுப்பால்தான், காய வெச்சு பொடியாக்கி வைட்டமின் சேத்தது. நீங்க குடிக்கற பாலோட புரதம் உங்க தாய்ப்பால்ல துளியூண்டுதான் வரும், அத நிறுத்திட்டு ராத்திரி 120 மில்லி நேரா ஊத்துனா எப்படி தெரியும்? லேகியமும் நெய்ல கிண்டுனதுதானே, நெய்லயும் கொஞ்சம் பால் புரதம் ஒட்டிக்கிட்டு இருக்கும். எங்க ஓபில பால விட்டுட்டேன்னு சத்தியம் பண்ற அம்மாக்கள்ட்ட கைப்பைய தொறக்க சொல்லுவேன், உள்ள மில்க் பிஸ்கட் பாக்கெட் இருக்கும்.

அதனால டாக்டர்ட்ட பேசிட்டு முறையா ஒரு தடவ செய்ங்க. மொதல்ல பாட்டில நிறுத்துங்க, பால் பத்தாதோன்னு பயம் வேணாம், எடையே சொல்லுதே பத்துதுன்னு, ராத்திரி நேரா குடுத்தா பால் இன்னும் நல்லா ஊறும். பால், தயிர், மோர், நெய், பன்னீர், பேக்கரி ஐட்டம், மால்ட் பவுடர் எல்லாம் ரெண்டுலேருந்து நாலு வாரம் வேணாம், லேபிள்ல மில்க் சாலிட்ஸ், வே, கேசின் (கடைசி ரெண்டும் பால் புரதம்தான்) இதுல எது இருந்தாலும் அந்த பாக்கெட்ட கீழ வெச்சுடுங்க. உங்களுக்கு கால்சியம் நாளைக்கு 1000 மில்லிகிராம் வேணும், கேப்பை, எள்ளு, கீரை, நெத்திலி சாப்பிடுங்க, கூட மாத்திரையும் எழுதி தருவாங்க. அலர்ஜிதான்னா ரத்தம் பெரும்பாலும் ஒரு ரெண்டு வாரத்துக்குள்ள நின்னுடும்.

இதுக்கப்புறம்தான் முக்கால்வாசி பேர் செய்யாம விடற வேலை. திரும்ப பால் குடிச்சுப் பாக்கணும். ஒரு வாரம் வழக்கம்போல காபி, தயிர் எடுங்க. ரத்தம் திரும்ப வந்தா அலர்ஜி உறுதி, வரலன்னா அதுவா நின்ன விஷயம், அநாவசியமா மாசக்கணக்குல பத்தியம் கிடக்க வேணாம். எனக்கு தெரிஞ்சு ஒரு அம்மா எட்டு மாசம் மோர்கூட தொடாம இருந்தாங்க, கடைசில பாத்தா குழந்தைக்கு அலர்ஜியே கிடையாது.

சித்திகிட்ட தாய்ப்பால நிறுத்த மாட்டேன்னு சொல்லிடுங்க, அலர்ஜியே ஆனாலும் தாய்ப்பால்தான் நல்லது. ஆட்டுப்பால் வேணாம், புரதம் கிட்டத்தட்ட ஒண்ணேதான். லாக்டோஸ் இல்லாத பவுடரும் உதவாது, லாக்டோஸ்ங்கறது சர்க்கரை, அலர்ஜி புரதத்துக்கு. சோயா பவுடர் ஆறு மாசத்துக்கு முன்னாடி வேணாம். தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கு புரதத்த பொடிப்பொடியா உடைச்ச ஸ்பெஷல் பவுடர் இருக்கு, விலை எகிறும், டாக்டர் எழுதி குடுத்தா மட்டும் வாங்குங்க.

மாமியார்ட்ட பக்குவமா சொல்லணும், ஆனா தொக்கம் எடுக்கறேன்னு வாய்ல ஊதறது, குடல் தட்டறேன்னு தலைகீழா புடிக்கறது ரெண்டும் கூடவே கூடாது. அவங்கள வேற வேலைல இழுத்து விடுங்க, பால் குடிச்சதும் இருபது முப்பது நிமிஷம் தோள்ல நிமித்தி வெச்சுக்கறதுக்கு பாட்டி தோள விட நல்ல எடம் எது? குடிச்ச உடனே தூளில போட வேணாம், வயிறு மடங்கி அழுத்தும். தூங்க வெக்கறது மல்லாக்கத்தான், சமமான படுக்கைல, தலகாணி இல்லாம. கக்குதேன்னு குப்புற போடாதீங்க. கிரைப் வாட்டர், வசம்பு, மெடிக்கல்ல கேட்டு வாங்குற வாந்தி சொட்டு மருந்து எதுவும் வேணாம்.

பச்சை நிறத்துல வாந்தி எடுத்தாலோ, ஒவ்வொரு வேளையும் பீய்ச்சி அடிச்சாலோ, ரத்தம் கூடுனாலோ, வயிறு உப்பி கல்லு மாதிரி ஆனாலோ, காய்ச்சல் 100.4 வந்தாலோ, நாளைக்கு ஆறு தடவைக்கு கீழ ஒண்ணுக்கு போனாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரி, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் சரி. பவுடர் பால் குடிச்ச கொஞ்ச நேரத்துல உடம்பெல்லாம் தடிச்சு, முகம் வீங்கி, மூச்சு இழுத்துச்சுன்னா 108க்கு போன் போடுங்க.

கேள்வி: என் பையனுக்கு ஏழு மாசம், பால் அலர்ஜின்னு உறுதி பண்ணிட்டாங்க. ஆயுசுக்கும் பால் குடிக்க முடியாதா? வீட்லயே ஒரு ஸ்பூன் தயிர் குடுத்து பாக்கலாமா?
— கரூர் வாசகர்

பதில்: பால் அலர்ஜி இருக்கற குழந்தைங்கள்ல நிறைய பேர் ஒரு வயசு வாக்குலயே பால ஏத்துக்குவாங்க, மத்தவங்கள்லயும் முக்கால்வாசி பேருக்கு பள்ளிக்கூடம் போறதுக்குள்ள சரியாயிடும். ஒன்பது மாசத்துலேருந்து ஒரு வயசுக்குள்ள டாக்டரே திரும்ப குடுத்து பாக்க சொல்லுவார், அது வரைக்கும் பொறுங்க சார். முன்னாடி எப்பவாச்சும் பால் பட்டு உடம்பு தடிச்சிருந்தா, மூச்சு திணறியிருந்தா அந்த ஒரு ஸ்பூன் தயிரையும் வீட்ல குடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரில வெச்சுத்தான் குடுக்கணும்.