குன்னூரில் வாடகைக்கு இருக்கும் மாற்றுத்திறனாளிக்கு அரசு உதவி உண்டா?

முதுகுத் தண்டுவடம் பாதித்துச் சக்கர நாற்காலியில் இருக்கும் தம்பிக்காகக் கேட்டிருக்கிறீர்கள். வாடகைக்கென்று தனியாக மாதப் பணம் வருமென்று நம்பியிருக்க வேண்டாம். ஆனால் தண்டுவடப் பாதிப்புக்கு மாதப் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. 2023 முதல் அது 2000 ரூபாய். வாடகையில் ஒரு பகுதிக்காவது ஆகும். விண்ணப்பத்தை ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை கட்டாயம். இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.

அப்புறம், வாடகையைவிட நிரந்தர வீட்டுக்கு முயல்வதுதான் நல்லது என்பேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி, அரசு வீட்டுத் திட்ட ஒதுக்கீட்டில் 5 சதவீதம், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ளவர்களுக்கு உரியது. பெண்களுக்கு அதில் முன்னுரிமை. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் குடியிருப்பு ஒதுக்கும்போது இந்தப் பிரிவைச் சொல்லியே மனு எழுதுங்கள், தரைத்தளம் வேண்டுமென்றும் சேர்த்து எழுதுங்கள்.

நம் மலையில் தரைத்தளம் மட்டும் போதாது. சாலையிலிருந்து வாசல் வரை நாற்பது படி இறங்க வேண்டிய வீடுகள்தானே இங்கே அதிகம்! மழைக்காலத்தில் அந்தப் படியில் தம்பியைத் தூக்கிக்கொண்டு இறங்குவது இரண்டு பேருக்குமே ஆபத்து. அதனால் வண்டி வாசல்வரை வரும் இடமா என்று நேரில் பார்த்த பிறகே சம்மதியுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமே மனு கொடுத்து, ரசீதை வாங்கி வையுங்கள்.