ஐடிலிங்ல ஆஃப் ஆகிற பழைய கார்: கார்புரேட்டரை மாத்தறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கேள்வி: 1970கள்ல வந்த கார்புரேட்டர் கார் வச்சிருக்கேன். ரோட்ல நல்லா ஓடுது, இழுவையும் குறையல. ஆனா இன்ஜின் சூடானப்புறம் சிக்னல்ல நின்னு காலை எடுத்தா குலுங்கி ஆஃப் ஆகிடுது. பிளக், பெட்ரோல் ஃபில்டர் ரெண்டும் மாத்தியாச்சு. கார்புரேட்டர் போச்சு, வேற போடணும்னு மெக்கானிக் சொல்றார். மாத்திடலாமா?

பதில்: மாத்தாதீங்க, அதுவும் இன்னும் ஒருத்தரும் அதைக் கழட்டிக்கூட பார்க்காதப்போ. பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பற பாகம் அது.

ரோட்ல நல்லா ஓடுதுன்னு நீங்க எழுதினதுலயே பாதி விஷயம் தெரிஞ்சுபோச்சு, பெட்ரோல் பம்பும் மெயின் ஜெட்டும் ஒழுங்கா இருக்கு (ஜெட்னா பெட்ரோலை அளந்து விடற சின்ன ஓட்டை போட்ட பித்தளைத் துண்டு). ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் பிளேட், அதாவது காத்து வழியைத் திறந்து மூடற தகடு, கிட்டத்தட்ட மூடிக்கும், அப்போ பெட்ரோல் வழக்கமான பெரிய வழியில வராது, ஸ்லோ ஜெட்னு ஒரு தனி வழியாத்தான் வரும், அதோட ஓட்டை சுமாரா அரை மில்லிமீட்டர்தான், ஒரு தூசி போதும் அடைக்க. அப்போ சூடானப்புறம் மட்டும் ஏன் ஆஃப் ஆகுதுன்னு கேப்பீங்க. குளிர்ந்த இன்ஜின்ல சோக் கூடுதலா பெட்ரோல் கொடுத்து அந்தக் குறையை மறைச்சிடும், சோக் விலகினதும் குட்டு வெளிப்பட்டுடும்.

உங்க மெக்கானிக் ஏற்கனவே ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ஆர்பிஎம்மை, அதாவது இன்ஜின் சுத்தற வேகத்தை, ஏத்தி விட்டிருப்பார், பலரும் செய்யற முதல் வேலையே அதுதான். இது வைத்தியம் இல்ல. த்ராட்டில் பிளேட் கொஞ்சம் திறந்துக்கறதால பெட்ரோல் அடுத்த ஓட்டை வழியா வர ஆரம்பிக்கும், வண்டி நிக்காம ஓடும், கோளாறு அப்படியே உள்ள இருக்கும். அதனால முதல்ல அந்த ஸ்க்ரூவைக் குறைச்சு 800, 900 ஆர்பிஎம் கிட்ட கொண்டுவாங்க, நிக்காம பிடிக்க முடிஞ்சா அப்படியே மிக்ஸ்சர் ஸ்க்ரூவை, அதாவது ஐடிலிங் கலவையைக் கூட்டிக் குறைக்கற ஸ்க்ரூவை, மெதுவா உள்ள திருகுங்க. இன்ஜின் தடுமாறணும். எந்தப் பக்கம் திருகினாலும் சத்தமே மாறலைன்னா ஸ்லோ ஜெட் வழி அடைச்சிருக்குன்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணிடலாம். ஸ்க்ரூ முட்டினதும் நிறுத்திடுங்க, இறுக்கினா முனை நசுங்கிடும். திரும்ப வைக்கும்போது முட்டினதுல இருந்து ஒன்றரைச் சுத்து வெளிய, அங்கிருந்து ட்யூன் பண்ணுங்க.

ஜெட்டைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. நடுவுல சுத்தமா ஒரு வட்டப் புள்ளி தெரியணும், பிறை மாதிரியோ மங்கலாவோ தெரிஞ்சா அழுக்கு இருக்கு. கார்ப் கிளீனர்ல (கார்புரேட்டர் கழுவற திரவம்) ஊறவச்சு ஏர் அடிங்க. கம்பி விடாதீங்க, யாரையும் விடவும் விடாதீங்க, பித்தளை ஓட்டை பெருசாச்சுன்னா அந்த ஜெட்டு அதோட சரி.

இன்னொண்ணு இருக்கு, இதை யாருமே பார்க்கறதில்ல. அந்தக் காலத்துக் கார்புரேட்டர் பலதுல ஸ்லோ ஜெட் பக்கத்துல ஒத்தை வயர் போற ஒரு சொலினாய்டு, அதாவது கரென்ட்ல திறக்கற வால்வு, இருக்கும். சாவி ஆன்ல இருந்தா ஊசி உள்ள இழுத்துக்கிட்டு வழி திறக்கும், ஆஃப் பண்ணினா மூடிடும். சாவியை ஆன் பண்ணி, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாம, அந்த வயரை எடுத்து எடுத்து வச்சுப் பாருங்க, ஒவ்வொரு தடவையும் டிக்னு கேக்கணும். சீக்கிரம் முடிச்சுடுங்க, ரொம்ப நேரம் சாவி ஆன்ல கிடந்தா இக்னிஷன் காயில் சூடாகும். டிக் வரலைன்னா பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து நேரா ஒரு வயர் கொடுங்க, இப்போ வந்தா வயரிங்லதான் கோளாறு, சொலினாய்டு நல்லாத்தான் இருக்கு. டிக் வந்தும் சந்தேகம்னா கழட்டி ஊசி முழுசா உள்ள போகுதான்னு பாருங்க. சில பேர் அந்த ஊசியையே வெட்டி எறிஞ்சுட்டு சரி பண்ணிட்டேன்னு கொடுப்பாங்க, அப்புறம் சாவியை ஆஃப் பண்ணினாலும் இன்ஜின் நிக்காம கடகடன்னு ஓடலாம். அப்படிச் செய்ய சம்மதிக்காதீங்க.

ஜெட்டும் சொலினாய்டும் சரின்னா அடுத்த சந்தேகம் வேக்குவம் லீக், அதாவது தேவையில்லாத வழியில காத்து உள்ள போறது. கார்புரேட்டர் அடி கேஸ்கட், மேனிஃபோல்ட் கேஸ்கட், பிரேக் பூஸ்டருக்குப் போற ஹோஸ், இந்த மூணும்தான் வழக்கமான இடம். ஐடிலிங்ல ஓடவிட்டு ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி கொஞ்சமா அடிச்சுட்டே வாங்க, சத்தம் மாறற இடத்துல காத்து உள்ள போகுது. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் அடிக்காதீங்க. சூடான இன்ஜின்ல கார்ப் கிளீனர் அடிச்சுத் தேடறவங்களும் உண்டு, அது தீப்பிடிக்கற சமாச்சாரம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிச்சு, உரியற தூளைக் கொண்டுபோய் ஜெட்ல அடைக்கும். பழைய வண்டிக்காரங்களுக்கு ஹோஸை மாத்துங்கன்னு ஒரு போர்டாவது வச்சிருக்கலாம்.

பாயின்ட் கேப்பையும், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கற காண்டாக்ட் பாயின்ட் இடைவெளியையும், ஒரு தடவை அளந்துடுங்க, நிறைய வண்டிக்கு 0.4 மில்லிமீட்டர் சுமாரா இருக்கும், உங்க மேனுவல்ல சரியான அளவு இருக்கும்.

இப்போ ரீகண்டிஷன் கார்புரேட்டர் வியாபாரம், அதாவது பழசைச் சரிபண்ணி விக்கறது. பழசைக் கொடுத்தா விலை குறைப்போம்பாங்க. வர்றது பளபளன்னு கழுவின ஒண்ணா இருக்கும், த்ராட்டில் பிளேட்டைத் தாங்கற ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தா லொடலொடன்னு ஆடும், அந்த ஆட்டத்து வழியாவே காத்து உள்ள போய் மறுபடி அதே கோளாறு வரும். உங்க வண்டியோட வந்த ஒரிஜினல் அதுக்குள்ள வேற யார்கிட்டயோ நல்ல விலைக்குப் போயிருக்கும். கார்புரேட்டரை ஒழுங்கா சொல்லிக்கொடுக்கற இடமே குறைஞ்சுபோச்சு, கோளாறு கண்டுபிடிக்கற கம்ப்யூட்டர் ஸ்கேனரை மாட்ட இடம் தேடற பையன்கிட்ட போய் ஜெட்டைக் கழட்டச் சொன்னா அவன் மாத்தத்தான் சொல்லுவான், அவனைக் குத்தம் சொல்லி என்ன பண்றது.

ஒருவேளை கடைசியில மாத்தியே ஆகணும்னு வந்தாலும் வாங்கறதுக்கு முன்னாடி ஷாஃப்டை விரலால ஆட்டிப் பாருங்க, உங்க பழசை மட்டும் யாருக்கும் கொடுத்துடாதீங்க.